பதினாறு குதிரையும் அரை டன்னும்

பழைய டிராக்டரின் விவரத்தாளில் பெரிய எழுத்தில் நிற்பது குதிரைத்திறன். விற்கிறவர் அதைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்குவார். வாங்க வந்தவரும் அதைத்தான் முதலில் கேட்பார். எடையோ கடைசி வரிகளில், நீள அகலங்களோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். லாரியில் ஏற்றிக் கொண்டுபோகிறவருக்கு மட்டும் வேண்டிய தகவல் அது என்று அச்சடித்தவரே நினைத்திருப்பார் போலும். இந்த அத்தியாயத்தில் அந்தத் தாளைக் கீழிருந்து மேலாக வாசிக்கப் போகிறோம். சின்ன டிராக்டரின் குணத்தைத் தீர்மானிப்பது எடை. குதிரைத்திறன் அதற்குப் பின்னால்தான் வரும் என்பது என் கட்சி.

எடுத்துக்கொள்ளும் வண்டி குபோட்டா பி7100. ஒசாகாவில் 1890இல் இரும்பு வார்ப்புப் பட்டறையாகத் தொடங்கி, குடிநீர்க் குழாய் வார்த்து வளர்ந்து, 1960இல் டிராக்டருக்கு வந்த நிறுவனம் குபோட்டா. பி7100, எழுபதுகளின் பிற்பாதியில் வந்து எண்பதுகளின் நடுப்பகுதி வரை விற்ற ஆரஞ்சு நிறச் சிறு வண்டி. தாளில் இருப்பவை இவை: மூன்று சிலிண்டர், தண்ணீர்க் குளிர்ச்சி, 762 சிசி, நிமிடத்துக்கு 2,800 சுற்றில் 16 குதிரைத்திறன், பின்னால் மாட்டும் கருவிகளைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டில் சுமார் 13. முன்னோக்கி ஆறு கியர், பின்னோக்கி இரண்டு. எடை அரை டன்னுக்குக் கொஞ்சம் மேல். பின் சக்கரம் மட்டும் இழுக்கும் வகை உண்டு. நான்கு சக்கரமும் இழுக்கும் வகை உண்டு. கியருக்குப் பதிலாக எண்ணெய் அழுத்தத்தில் ஓடும் எச்.எஸ்.டி. வகையும் உண்டு.

எடைக்குப் போகுமுன் இன்ஜினைப் பார்த்துவிடலாம். அவ்வளவு சிறிய டீசல் இன்ஜின் ஓடுவதே ஒரு காலத்தில் நடக்காத காரியமாக இருந்தது.

1897 பிப்ரவரியில் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ஃப் டீசலின் இன்ஜினைப் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் சோதித்து அளந்தார். ஒற்றைச் சிலிண்டர்; விட்டம் 25 சென்டிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 40. அதாவது கிட்டத்தட்ட இருபது லிட்டர் கொள்ளளவு. நிமிடத்துக்கு 154 சுற்றில் அது கொடுத்தது 17.8 குதிரைத்திறன், எரிபொருளின் வெப்பத்தில் 26.2 சதவீதத்தை வேலையாக மாற்றியது. நீராவி எந்திரங்கள் அப்போது அதில் பாதியை எட்டவே மூச்சு வாங்கின.

எண்பது ஆண்டுகள் கழித்து வந்த பி7100இன் இன்ஜின் ஏறத்தாழ அதே திறனைத் தருகிறது. கொள்ளளவோ இருபத்தாறில் ஒரு பங்கு. இந்தச் சுருக்கம் எப்படி வந்தது? சுற்றுவேகத்தை ஒப்பிட்டுப் பாருங்கள்: 154 எங்கே, 2,800 எங்கே? பதினெட்டு மடங்கு. ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு லிட்டரும் தரும் வேலை என்று பார்த்தால் டீசலின் முதல் இன்ஜினுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சுருக்கத்தில் பெரும்பங்கு வேகத்தால் வந்தது.

ஆனால் வேகத்துக்கு ஒரு விலை உண்டு. டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. காற்றை மட்டும் உள்ளே இழுத்து, இருபது பங்குக்கும் மேலாக நசுக்கினால் அது ஐந்நூறு டிகிரியைத் தாண்டிச் சூடாகும். அந்தச் சூட்டில் டீசலைத் தூவினால் தானே பற்றிக்கொள்ளும். பி7100இன் ஒரு சிலிண்டரில் 254 சிசி காற்று. அதை நசுக்கி முடித்ததும் எஞ்சும் இடம் சுமார் 12 சிசி, அதாவது இரண்டரைத் தேக்கரண்டி. அவ்வளவு சின்ன இடத்தைச் சுற்றிலும் குளிர்ந்த இரும்புச் சுவர். பாத்திரம் சிறுக்கச் சிறுக்க, உள்ளிருக்கும் காற்றின் அளவைவிடச் சுவரின் பரப்பு மெதுவாகவே குறையும். ஆகவே சின்னச் சிலிண்டர் தன் சூட்டைச் சுவருக்குத் தாரை வார்க்கிறது. அதோடு, தூவப்படும் டீசல் காற்றோடு கலப்பதற்கு முன்பே எதிர்ச்சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும். நேரமும் இல்லை: 2,800 சுற்றில் தூவி முடிக்கக் கிடைப்பது ஒரு நொடியை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒன்றிரண்டு பங்கு.

ஒரு தடவைக்கு எவ்வளவு டீசல்? மணிக்கு நாலு லிட்டர் குடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று சிலிண்டரும் சேர்ந்து ஒரு மணி நேரத்தில் 2,52,000 தடவை எரிகின்றன. வகுத்தால் ஒரு தடவைக்கு 16 கன மில்லிமீட்டர். சொட்டு மருந்துக் குப்பியிலிருந்து விழும் ஒரு துளியில் மூன்றில் ஒரு பங்கு. அதையும் மூன்று சிலிண்டருக்கும் ஒரே அளவாக, ஒவ்வொரு தடவையும், இருபது முப்பது வருஷம் அளந்து கொடுக்க வேண்டும். ராபர்ட் போஷ் நிறுவனம் 1927இல் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கிய எரிபொருள் பம்ப் இல்லாமல் இது நடந்திருக்காது. டீசலின் இன்ஜின் எண்ணெயைத் தூவுவதற்கென்றே தனியாக ஒரு காற்றழுத்த எந்திரத்தைச் சுமந்துகொண்டிருந்தது.

இங்கே ஒரு ஜப்பானியரைச் சொல்ல வேண்டும். யான்மார் நிறுவனத்தைத் தொடங்கிய யமாவோக்கா மகோகிச்சி 1932இல் ஜெர்மனிக்குப் போனார். லைப்சிக் கண்காட்சியில் டீசல் இன்ஜினைப் பார்த்தார். அதைப் பண்ணைக்கும் படகுக்கும் ஏற்ற அளவில் சின்னதாக்க வேண்டும் என்று ஊர் திரும்பினார். 1933 டிசம்பரில் ஐந்தாறு குதிரைத்திறன் கொண்ட எச்.பி. என்ற இன்ஜின் ஓடியது. நடைமுறையில் பயன்பட்ட முதல் சிறு டீசல் என்று அதைச் சொல்வார்கள். ஆக்ஸ்பர்க்கில் டீசலின் நினைவாக 1957இல் ஒரு ஜப்பானியக் கல் தோட்டம் அமைந்தது, பணம் யமாவோக்காவுடையது. போட்டி நிறுவனத்தின் வண்டியைப் பற்றிய அத்தியாயத்தில் இவர் எதற்கு என்று கேட்கலாம். ஜப்பானின் சிறு டிராக்டர்கள் எல்லாமே, எந்த நிறம் பூசியிருந்தாலும், அவர் போட்ட தடத்தில் வந்தவைதான்.

சுவரில் சூடு போகிற சிக்கலுக்கு அந்தக் காலச் சிறு டீசல்கள் கண்ட வழி, முன்னறை. பிஸ்டனுக்கு மேலே நேராகத் தூவாமல், சிலிண்டர் ஹெட்டில் ஒரு சின்ன உருண்டை அறை வைத்து, நசுங்கும் காற்றை ஒரு குறுகிய வாய் வழியாக அதற்குள் சுழலச் செய்தார்கள். சுழலும் காற்றில் தூவினால் நாசில் அவ்வளவு நுணுக்கமாக இருக்க வேண்டியதில்லை. அழுத்தமும் குறைவு போதும்; இந்த வகை நாசில்கள் 140 பார் அழுத்தத்தை ஒட்டித் திறக்கின்றன. இன்றைய காமன் ரெயில் இன்ஜின்களில் அது இரண்டாயிரத்தையும் தாண்டிப் போகிறது. பழைய நாசில் கொஞ்சம் அழுக்கு டீசலையும் பொறுத்துக்கொண்டு ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம். இழப்பு, அந்த உருண்டை அறையின் சுவரும் சூட்டைத் தின்னும் என்பது. அதனால் குளிர்ந்த இன்ஜின் தானாகப் பற்றாது. ஒவ்வொரு அறைக்குள்ளும் அதைச் சூடேற்ற ஒரு குளோ பிளக். டேஷ்போர்டில் ஒரு சின்னத் துளை, அதற்குள் ஒரு கம்பிச் சுருள். சாவியைத் திருப்பிப் பிடித்தால் அது மெல்லச் சிவக்கும். சிவந்ததும் ஸ்டார்ட் செய்யலாம். கம்ப்யூட்டரும் சென்சாரும் இல்லாமல், உள்ளே நடப்பதை வெளியே காட்டிய இந்தச் சுருள் எனக்கு மிகவும் பிடித்த கருவிகளில் ஒன்று. ஓடத் தொடங்கிய பிறகு இன்ஜினுக்கு மின்சாரமே தேவையில்லை. நிறுத்துவதற்குக்கூட ஒரு குமிழை இழுத்து டீசலை அடைக்க வேண்டும்.

டீசலில் கையால் தள்ளும் ஆக்சிலரேட்டர் லிவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. கார் ஓட்டிப் பழகியவர்கள் அது எண்ணெயை அதிகமாக்கும் லிவர் என்று நினைப்பார்கள். உண்மையில் அது வேகத்தைக் கேட்கும் லிவர். 2,000 சுற்று வேண்டும் என்று அதை நிறுத்திவைத்தால், பம்புக்குள் சுழலும் கவர்னர் எடைகள் சுமைக்கு ஏற்ப எண்ணெயைக் கூட்டிக் குறைத்து அந்த வேகத்தைக் காக்கும். சுமை ஏறி எண்ணெய் உச்ச அளவைத் தொட்ட பிறகுதான் இன்ஜின் முக்க ஆரம்பிக்கும், புகை கறுக்கும்.

சரி, இந்தப் பதினாறு குதிரை எவ்வளவு இழுக்கும்?

மெட்ரிக் கணக்கில் ஒரு குதிரைத்திறன் என்பது 75 கிலோ எடையை ஒரு நொடியில் ஒரு மீட்டர் தூக்கும் திறன். பதினாறுக்கு நொடிக்கு 1,200 கிலோ-மீட்டர். கியர் பெட்டி இந்த எண்ணை மாற்றாது. விசையையும் வேகத்தையும் ஒன்றுக்கொன்று மாற்றித் தரும், அவ்வளவுதான். முதல் கியரில் வண்டி மணிக்கு ஒரு கிலோமீட்டரை ஒட்டி ஊர்கிறது என்றால், நொடிக்கு 28 சென்டிமீட்டர். 1,200ஐ 0.28ஆல் வகுத்தால் நாலு டன்னைத் தாண்டுகிறது. உராய்வில் போவதைக் கழித்தாலும் மூன்று டன்னுக்குக் குறையாது. அரை டன் வண்டி மூன்று டன் விசையோடு இழுக்குமா?

இழுக்காது. இழுவை இன்ஜினிலிருந்து சக்கரம் வரைதான் இன்ஜினுடையது. சக்கரத்துக்கும் மண்ணுக்கும் நடுவே அது எடையின் சொத்து. உழுத வயலில் நல்ல டயர் போட்ட வண்டி, சக்கரங்கள் மேல் விழும் எடையில் சுமார் பாதியைத்தான் இழுவையாக மாற்ற முடியும். அதற்கு மேல் கேட்டால் டயர் வழுக்கிச் சுற்றும். ஓட்டுநரோடு சேர்த்து 600 கிலோ என்றால், நாலு சக்கர இழுவையில் 300 கிலோ விசை. பின் சக்கரம் மட்டும் இழுக்கும் வகையில், பின்னால் விழுவது மொத்த எடையில் அறுபது சதவீதம் என்று கொண்டால், 180தான்.

இப்போது உழவு வேகத்தில் கணக்குப் போடுவோம். மணிக்கு நாலு கிலோமீட்டர் என்பது நொடிக்கு 1.11 மீட்டர். 300ஐ 1.11ஆல் பெருக்கி 75ஆல் வகுத்தால் 4.4 குதிரைத்திறன். பதினாறு குதிரை பூட்டிய வண்டியில் கலப்பைக்குப் போய்ச் சேர்வது நாலரைகூட இல்லை! வேளாண் பொறியியலில் ஒரு ஜோடி உழவு மாட்டை ஏறத்தாழ ஒரு குதிரைத்திறன் என்று கணக்கு வைப்பது வழக்கம். ஆக நாலு ஜோடி மாட்டுக்கு மேல், ஐந்து ஜோடிக்குக் கீழ். மீதித் திறனையும் கலப்பை வழியே வாங்க வேண்டுமானால் வண்டி மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டரில் உழ வேண்டும். அந்த வேகத்தில் மண்ணைப் புரட்டாது, வாரி இறைக்கும்.

எடையைக் கூட்டினால் போச்சு என்று தோன்றும். முன்னால் இரும்புக் கட்டி தொங்கவிடுவதும் டயருக்குள் தண்ணீர் அடைப்பதும் அதற்குத்தான். அமெரிக்காவின் புஞ்சைச் சமவெளியில் அது சரியான விடை. இந்த வண்டி பிறந்த இடத்தில் அதுவே தவறான விடையாகிவிடும்.

பிறந்த இடம் ஜப்பானின் நெல்வயல். இரண்டாம் உலகப் போர் முடிந்து வந்த நிலச் சீர்திருத்தத்துக்குப் பிறகு அங்கே ஒரு குடும்பத்தின் நிலம் சராசரியாக ஒரு ஹெக்டேர் அளவுதான். அதுவும் துண்டு துண்டாக. அறுபதுகளில் அரசு வயல்களை ஒழுங்குபடுத்தியபோது முப்பதுக்கு நூறு மீட்டர் என்பதையே புதிய அளவாக வைத்தது. முக்கால் ஏக்கர்கூட வராத அந்தத் துண்டு அந்நாள் விவசாயிக்குப் பெரிய வயல். மேலே சேறு, அதற்குக் கீழே தலைமுறை தலைமுறையாக மிதித்தும் உழுதும் இறுகிய ஒரு கெட்டித் தளம். தண்ணீர் கீழே இறங்காமல் நிற்பது அந்தத் தளத்தால். கனமான வண்டி சேற்றில் புதையும். புதைந்து அந்தத் தளத்தை உடைத்துவிட்டால் வயலில் தண்ணீர் தங்காது. நம் காவிரிப் படுகையில் சேடை ஓட்டுகிறவர்கள் டயருக்குப் பதில் கேஜ் வீல் மாட்டிக்கொண்டு இறங்குவதும் இதே சேற்றோடு நடத்தும் பேரம்தான்.

எடை கூடாது, ஆனால் எடை இல்லாமல் இழுக்க முடியாது. இந்த முட்டுச்சந்திலிருந்து வெளியே வர ஒரே வழி, இழுப்பதையே விட்டுவிடுவது. மண்ணைக் கலப்பையால் கிழிக்காமல், சுழலும் கத்தியால் கொத்துவது. ரோட்டவேட்டர் ஜப்பானியக் கண்டுபிடிப்பு இல்லை. ஆஸ்திரேலியாவில் ஆர்தர் கிளிஃபர்ட் ஹவார்ட் என்ற இளைஞர் 1912இல் தன் தந்தையின் பண்ணையில் நீராவி டிராக்டரின் தண்டிலிருந்து சுழற்சியை எடுத்துச் செய்து பார்த்தது அது. ஆனால் சின்ன டிராக்டருக்கும் அதற்கும் இருக்கும் பொருத்தம் ஜப்பானில்தான் முழுதாக வெளிப்பட்டது.

பொருத்தம் இரண்டு வகை. முதலாவது, பி.டி.ஓ. தண்டு திறனைச் சக்கரத்தின் வழியாக அனுப்புவதில்லை. வழுக்கல் என்ற சுங்கச்சாவடி அந்தப் பாதையில் கிடையாது. தாளில் எழுதிய பதின்மூன்று குதிரையும் கத்திக்குப் போய்ச் சேர்கிறது. இரண்டாவது இன்னும் வேடிக்கையானது. கத்திகள் சக்கரம் சுற்றும் திசையிலேயே சுற்றி, மண்ணை மேலிருந்து கீழாக வெட்டிப் பின்னுக்குத் தள்ளுகின்றன. மண்ணைப் பின்னே தள்ளினால் வண்டி முன்னே தள்ளப்படும். கலப்பை வண்டியைப் பின்னுக்கு இழுக்கிறது. ரோட்டவேட்டர் வண்டியை முன்னுக்கு உந்துகிறது. இறுகிய மண்ணில் இந்த உந்தல் பலமாகி, சக்கரங்கள் இழுப்பதை விட்டுவிட்டு வண்டியை ஓடவிடாமல் பிடித்துக்கொள்ளும் வேலையைச் செய்கின்றன. அரை டன் வண்டிக்கு இதைவிட நல்ல கருவியை யோசிக்க முடியாது.

ஆறு கியரும் எதற்கு என்பதும் இங்கேதான் விளங்கும். ரோட்டரில் கத்திகள் நிமிடத்துக்கு 200 முறை சுற்றுகின்றன, ஒரே தடத்தில் இரண்டு கத்திகள் அடுத்தடுத்து வெட்டுகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு ஆறேழு வெட்டு. வண்டி மணிக்கு இரண்டு கிலோமீட்டரில் போனால் ஒவ்வொரு வெட்டுக்கும் எட்டு சென்டிமீட்டர் மண் கிடைக்கிறது. கட்டி பெரிதாக இருக்கும். ஒரு கிலோமீட்டரில் போனால் நாலு சென்டிமீட்டர், மண் பொடியாகும். வண்டியின் வேகத்துக்கும் தண்டின் வேகத்துக்கும் உள்ள விகிதம்தான் புழுதியின் தரம். ஊர்ந்து போகும் கியரும், ஒன்றுக்கு மேற்பட்ட பி.டி.ஓ. வேகங்களும் இந்தச் சின்ன வண்டியில் இருப்பது ஆடம்பரத்துக்காக இல்லை. பெரிய டிராக்டர்கள் பல 540 என்ற ஒரே சுற்றோடு காலம் தள்ளின.

கியர் வேண்டாம், எச்.எஸ்.டி. போதும் என்கிறவர்கள் உண்டு. பம்ப் ஒன்று எண்ணெயை மோட்டாருக்குத் தள்ளும். சாய்ந்த தட்டின் சாய்மானத்தைக் காலால் மாற்றினால் வேகம் இழையாக மாறும், பின்னோக்கியும் போகும். மண் அள்ளிக் கொட்டவும் புல் வெட்டவும் அது சுகம். உழவுக்கு நான் கியர் பக்கம்தான். எண்ணெயைச் சூடாக்கி வீணடிக்க இந்த இன்ஜினிடம் உபரித் திறன் கிடையாது.

நாலு சக்கர இழுவையின் பயன் மேலே சொன்ன 180க்கும் 300க்கும் உள்ள தூரத்திலேயே தெரிகிறது. முன்னால் விழும் எடையும் வேலைக்கு வருகிறது. ஆனால் திரும்பும் சக்கரத்துக்குத் திறனைக் கொண்டுபோவது சுலபமில்லை. பி வரிசை வண்டிகளில் குபோட்டா கையாண்ட வழி அழகானது. அச்சின் முனையில் கூம்புப் பல்சக்கரம் ஒன்று சுழற்சியை நிற்கும் தண்டுக்கு மாற்றுகிறது; அந்தத் தண்டின் அடியில் இன்னொரு ஜோடி அதைச் சக்கரத்துக்கு மாற்றுகிறது. சக்கரம் அந்த நிற்கும் தண்டையே அச்சாகக் கொண்டு திரும்புவதால் நன்றாக ஒடியும். சேற்றில் கிழியும் ரப்பர் உறை கிடையாது. அச்சும் தரையிலிருந்து உயரமாக நிற்கிறது. முப்பது மீட்டர் அகல வயலில் வரப்பு ஓரம் திரும்ப வேண்டியவருக்கு இது பெரிய விஷயம்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. முன் சக்கரம் சின்னது, பின் சக்கரம் பெரியது. இரண்டும் ஒரே தூரம் ஓடும்படி பல்லை எண்ணிப் போட வேண்டும். வடிவமைப்பவர்கள் வேண்டுமென்றே முன் சக்கரத்தைச் சில சதவீதம் கூடுதலாக ஓடவைப்பார்கள். முன்சக்கரம் எப்போதும் இழுத்துக்கொண்டே போக வேண்டும் என்பதற்காக. சேற்றில் அந்தச் சில சதவீதம் வழுக்கலில் கரைந்துவிடும். தார்ச்சாலையில் கரைய வழியில்லை. முன் பின் பல்சக்கரங்கள் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும், டயர் தேயும், கடைசியில் ஏதாவது ஒரு தண்டு உடையும். சாலை ஏறியதும் முன் இழுவை லிவரை விடுவிக்கச் சொல்வது இதனால்தான்.

எடை குறைந்த வண்டியின் இன்னொரு முகம் ஆபத்து. வண்டியின் எடைமையம் பின் அச்சுக்கு அரை மீட்டர் முன்னால் இருக்கிறது என்று கொள்வோம். முன்பக்கத்தைத் தூக்கத் தேவையான முறுக்கு 550 பெருக்கல் அரை, அதாவது 275 கிலோ-மீட்டர். முதல் கியரில் மூன்று டன் விசை, 40 சென்டிமீட்டர் ஆரமுள்ள சக்கரத்தில் என்றால் 1,200 கிலோ-மீட்டர். தேவையைவிட நாலு மடங்குக்கு மேல். சாதாரணமாகச் சக்கரம் வழுக்கிவிடுவதால் தப்பிக்கிறோம். சக்கரம் சேற்றில் இறுகிப் போய், அல்லது அதன் அடியில் கட்டையைக் கட்டிவைத்து, கிளட்சைச் சட்டென்று விட்டால்? சக்கரம் சுற்ற முடியாது; வண்டியின் உடல் சக்கரத்தைச் சுற்றி எழும். மூக்கு தூக்கி மல்லாக்க விழ ஒன்றிரண்டு நொடி போதும். சங்கிலியை இருக்கைக்கு அடியிலோ அச்சுக்கு மேலேயோ கட்டி மரம் இழுப்பவர்களும் இதே பள்ளத்தில்தான் விழுகிறார்கள்.

பின்னால் இருக்கும் மூன்று கை இணைப்பு இந்தக் கவலைக்கும் ஒரு மருந்தாகவே பிறந்தது. பெல்ஃபாஸ்டைச் சேர்ந்த ஹாரி ஃபெர்குசன் 1920களில் காப்புரிமை பெற்ற ஏற்பாடு. கீழே இரண்டு கை இழுக்கும், மேலே ஒரு கை தள்ளும். கலப்பை பாறையில் சிக்கினால் மேல்கை முன்னோக்கித் தள்ளி வண்டியின் மூக்கைக் கீழே அழுத்தும். அதோடு கலப்பையின் எடையும் அது புரட்டும் மண்ணின் எடையும் பின் சக்கரத்தின்மேல் வந்து விழும். இரும்பு சேர்க்காமல் வேலை நேரத்துக்கு மட்டும் எடையைக் கடன் வாங்கும் உபாயம் அது. 1936இல் ஃபெர்குசனின் சொந்த டிராக்டரிலும், 1939இல் ஃபோர்டு 9என்னிலும் வந்து, பிறகு உலகம் முழுக்கப் பரவியது. பி7100இன் பின்னால் நிற்பதும் அதே மூன்று கைதான்.

ஆனால் பக்கவாட்டில் கவிழ்வதற்கு அது மருந்தாகாது. அதற்குத் தலைக்கு மேல் ஓர் இரும்பு வளையமும் சீட் பெல்ட்டும் வேண்டும். ஸ்வீடன் 1959இலேயே புதிய டிராக்டர்களுக்குப் பாதுகாப்புச் சட்டகத்தைக் கட்டாயமாக்கியது. நெல்வயலுக்குப் போன ஜப்பானிய வண்டிகள் பலவற்றில் அது இல்லை.

இது பின்னாளில் அமெரிக்காவில் வழக்காக வெடித்தது; அதற்கு ஒரு முன்கதை உண்டு. குபோட்டா 1969இல் எல்200ஐ அங்கே கொண்டுபோனது. பெரிய டிராக்டர் செய்யும் அமெரிக்க நிறுவனங்கள் நாற்பது குதிரைக்குக் கீழே இறங்குவதில் ஆர்வம் காட்டாமல் இருந்த நேரம். நகர ஓரத்தில் ஐந்து பத்து ஏக்கர் வாங்கிக் குடியேறியவர்கள் ஆரஞ்சு வண்டியைப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு எல்லோருக்கும் ஜப்பான் தேவைப்பட்டது. ஃபோர்டின் நீல வண்டியைச் செய்தது ஷிபாவுரா. ஜான் டீரின் 850, 950 பச்சை வண்டிகளைச் செய்தது யான்மார். மாஸி ஃபெர்குசனுக்கு டொயோஷா. இந்தியாவிலும் அதே மரபு வந்தது. ஓசூரில் ஆலை வைத்திருக்கும் வி.எஸ்.டி. நிறுவனம் மிட்சுபிஷி தொழில்நுட்பத்தில் செய்த சக்தி எம்.டி.180டி, 18.5 குதிரை, மூன்று சிலிண்டர், பி7100க்கு ஒன்றுவிட்ட தம்பி. குபோட்டாவே 2008இல் சென்னையில் தன் இந்திய நிறுவனத்தைத் தொடங்கியது.

அமெரிக்க வாங்குநர் இந்த வண்டியில் உழுதது குறைவு. வயிற்றுக்கு அடியில் புல்வெட்டியை மாட்டினார், குளிர்காலத்தில் சுழலும் கருவியால் பனியை வீசி எறிந்தார். இரண்டும் எடையைவிடச் சுழற்சியை நம்பும் வேலைகள். நெல்வயலுக்கான வண்டி புல்தரையில் ஒத்துப்போனதற்குக் காரணம் அதுதான்.

ஜப்பானில் ஓடி முடித்த பழைய வண்டிகளை மொத்தமாக வாங்கி, புதுப் பெயின்ட் அடித்து அமெரிக்காவில் விற்கும் வியாபாரம் இதற்குப் பக்கத்திலேயே வளர்ந்தது. வண்டி அசல் குபோட்டா, பெயர்ப்பலகையும் அசல், விலை குறைவு. நிறுவனம் அமெரிக்காவின் சர்வதேச வர்த்தக ஆணையத்திடம் போனது. ஆணையம் நிறுவனத்தின் பக்கம் நின்றது. இறக்குமதியாளர்கள் மேல்முறையீடு செய்ய, 1999இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆணையத்தின் முடிவை உறுதிசெய்தது. பெயர் ஒன்றாக இருந்தாலும் பொருள் வேறு என்பது தீர்ப்பின் சாரம். வேறுபாடுகளாக வைக்கப்பட்டவை: கட்டமைப்பின் வலு, உச்ச வேகம், பி.டி.ஓ. சுற்று, அச்சு இடைவெளி, பாதுகாப்புச் சாதனங்கள், எச்சரிக்கைகள் ஆங்கிலத்தில் இல்லாமை. ஏறக்குறைய ஒரு விவரத்தாளின் பின்பக்கம்! குதிரைத்திறன் அந்த வாதத்தில் முக்கியமாக எங்கும் வரவில்லை.

பி.டி.ஓ. சுற்று எதற்காக அந்தப் பட்டியலில் ஏறியது என்று வாசகர் இப்போது தாமே சொல்லலாம். புழுதியின் தரத்துக்காக வைத்த கூடுதல் வேகங்கள் அவை. 540 சுற்றுக்குச் செய்த அமெரிக்கப் புல்வெட்டியை அதில் மாட்டி, லிவரை மேல் வேகத்தில் தள்ளினால் கத்தியின் வேகம் ஏறும். வேகம் ஒன்றரை மடங்கானால் கத்தியில் தேங்கும் ஆற்றல் இரண்டேகால் மடங்கு. கத்தி உடைந்தால் பறக்கும் துண்டு அவ்வளவையும் சுமந்துகொண்டு போகும். தீர்ப்பு வந்த பிறகும், ஏற்கெனவே வந்து சேர்ந்த வண்டிகள் பண்ணைகளில் ஓடிக்கொண்டுதான் இருந்தன. அப்படி ஒன்று கைக்கு வந்தால் ஸ்டார்ட் செய்யும் முன்பே பி.டி.ஓ. லிவரை மிகக் குறைந்த வேகத்தில் நிறுத்த வேண்டும். பிறகு தண்டின் சுற்றை டாக்கோமீட்டர் வைத்து அளந்து, அந்த எண்ணை லிவருக்குப் பக்கத்தில் பெயின்டால் எழுதிவைக்க வேண்டும்.